வெளுத்து வாங்கியது

மொன்ட்ரியால்-நோர்,
8.2.1987

அன்பின் அண்ணைக்கு,

மூக்கு இன்னும் முகத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். அவ்வளவு குளிர்.

அப்பாவை நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது. அவர் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் யாரோ விரிப்புகளைக் கருக்கிவிட்டார்கள். மேற்பார்வை செய்யும் செலீன், "கெல் ஓம்?" என்று கேட்டிருக்கிறா. எந்த ஆள் என்று அர்த்தம். பிரெஞ்சில் ஓம் என்றால் ஆண். அப்பாவுக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் மட்டும். நமக்கு ஓம் என்றால் ஆமாம்தானே, பணிவாக, "ஓம்" என்றாராம். ஆள் அகப்பட்டார்!

தண்டனையாக இப்போது ஆஸ்பத்திரி ஊத்தைத் துணி பிரிக்கிறார். சத்தி எடுத்தது, சீழ், எழுத முடியாதவை. அவர் கையால் தேத்தண்ணி வாங்கவே குமட்டுகிறது. "போய்ச் சொல்லுங்கோ அப்பா" என்றால், "விடு பிள்ளை, பிரச்சினை வேண்டாம்." தூ! நானே போய் வெளுத்து வாங்கப் போகிறேன். சலவைக்கூடம்தானே.

தங்கை,
சிவமலர்

பிராங்பேர்ட்,
22.2.1987

அன்புள்ள மலர்,

பகிடி போதும். திருகோணமலைத் துறைமுகத்தில் தொழிற்சங்கத்துக்காகப் பேசப் போனவர் நம் அப்பா. குரல் உயர்த்தாமலே காரியம் முடிப்பார். பாஷை போனதோடு துணிவும் போய்விட்டது. நீ நாக்கை மட்டும் இரவல் கொடு. கதை அவருடையதாக இருக்கட்டும்.

அண்ணன்,
உருத்திரமூர்த்தி

மொன்ட்ரியால்-நோர்,
15.3.1987

அன்பின் அண்ணை,

அப்பாவோடு போனேன். நிமிர்ந்து இருந்தார், எனக்கே ஆள் புதுசு. "அந்த நேரம் நான் ஈரத்துணிப் பக்கம் நிண்டனான். வேலை அட்டையைப் பாக்கச் சொல்லு பிள்ளை" என்று அவவின் மேசை லாச்சியைக் காட்டினார். நான் வாய் திறக்க முன்னமே செலீன் அதைப் பாதி இழுத்துவிட்டா.

எனக்கு அது மட்டும் காணாது. "உனக்கென்ன கண் பொட்டையா?" என்றேன் பிரெஞ்சில். லாச்சியைப் படாரென்று சாத்தினா. எங்களை வெளியே போகச் சொன்னா.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்தார். பேந்து, "நான்தான் கடுமையாக் கதைச்சிட்டன் போல. முந்தி எனக்கு இப்பிடிப் பிழையாப் போறேல்லை. இனி ஒருத்தரோடையும் கதைக்கப் போகமாட்டன்" என்றார்.

நாளைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். 'பிழை என்னுடையது' என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது, தமிழ் எழுத்தில் எழுதித் தா, பாடமாக்க வேணும் என்று இப்போது பக்கத்தில் வந்து இருக்கிறார்.

பேனை என் கையில்தான் இருக்கிறது, அண்ணை. எழுத வருகுதில்லை.

மலர்