தலைநகரில் இன்னும் சில நாள்

மனுகா சாரணர் கூடம்,
கான்பரா
சனிக்கிழமை, 5 ஜனவரி 1957

அன்புள்ள எனிட்,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பையன்கள் எல்லாரும் சுகம். தரையில் கம்பளி விரித்துத்தான் படுக்கை. சாரணர் தலைவன், பையன்களின் 'ஸ்கிப்', நானே சமையலும் பார்ப்பதால் யாருக்கும் இன்னும் வயிறு நிறையவில்லை. நேற்று ஆட்டிறைச்சியைக் கரியாக்கிவிட்டேன். வாண்டுப் பயல் ஸ்பட், "ஸ்கிப், இதைச் சாப்பிடணுமா, இல்ல அடுப்புல போடணுமா?" என்று கேட்டான்.

காலையில் நகரைச் சுற்றப் புறப்பட்டோம். வெகுநேரம் நடந்தோம். அகலச் சாலை, வரிசை வரிசையாக மரம், நடுவே வெட்டவெளியில் ஆடு மேய்கிறது. நம் டெஸ் ஹாலிகன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஸ்கிப், தலைநகரம் எப்ப வரும்?" என்றான்.

"டேய், அதுக்கு நட்டநடுவுலதான்டா நிக்கிற!"

"அப்ப வாரிங்காவே தேவல. நம்மூர்ல மில்லாவது இருக்கு."

பயல்கள் சிரித்த சிரிப்பில் ஆடெல்லாம் மிரண்டு ஓடிற்று. நாடாளுமன்றத்துக்குப் போனால் அங்கே ஸ்பட் சபாநாயகர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "அமைதி! அமைதி!" என்று கத்துகிறான். காவலர் பதறிப்போய், "எறங்குடா கீழ! லண்டன்லேருந்து வந்த நாற்காலி அது!" என்று விரட்டினார்.

ஒவ்வொரு கோடையிலும் ஊரார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாய் என்று வாசலில் நின்று சொன்னாயே, வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது. தொலைபேசி நிலையத்தில் தனியாக அல்லாடுவாய் என்று தெரியும். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்துவிடுவோம்.

டெஸ்ஸின் அப்பா க்ளெம் தீயணைப்புக் குழுவைத் தயாராக வைத்திருக்கிறாரா? இங்கே மாலையில் மேற்கு வானம் பழுப்பாக இருக்கிறது. சூரியன் செப்புத்தட்டு போலத் தொங்குகிறது. அழகாக இருக்கிறது என்று பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

உன்,
வால்


தொலைபேசி நிலையம்,
வாரிங்கா
திங்கட்கிழமை, 7 ஜனவரி

அன்புள்ள வால்,

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் ஊரே காது கொடுக்கும். இணைப்புக் கொடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

மலைக்கு அந்தப் பக்கம் பற்றிக்கொண்டுவிட்டது. இன்னும் தொலைவில்தான் என்கிறார்கள். ஆனால் காலையில் துணி எடுக்கப் போனால், வெள்ளை விரிப்பின் மேல் யூகலிப்டஸ் இலைகள் முழுசாகக் கிடக்கின்றன. காம்பும் நரம்பும் அப்படியே இருக்கின்றன. தொட்டால் கருப்புப் பொடி. பட்டப்பகலில் வாலபிகள், அந்தச் சின்னக் கங்காருகள், தெருவுக்குள் வந்து நாய்க்கு வைத்த தண்ணீரைக் குடிக்கின்றன. நாய் குரைக்காமல் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. பறவைச் சத்தமே இல்லை.

க்ளெம் மர மில் முதலாளி கோரியைப் போனில் கூப்பிட்டார். கேட்கக் கூடாது, கேட்டேன்.

"சங்க ஊதி மில்ல மூடுங்க, கோரி. ஆளுங்க அத்தன பேரும் எனக்கு வேணும்."

"அந்தப் பக்கம் காடு எரியுது, இந்தப் பக்கம் மரம் அறுபடுது. அதது அதது வேலையப் பாக்கட்டும், க்ளெம்."

வெள்ளிக்கிழமை ரயிலில் வராதே. இதை நான் மட்டும் சொல்லவில்லை, பையன்களின் அம்மாக்கள் எல்லாரையும் கேட்டுவிட்டேன். டெஸ்ஸின் அம்மா மேவிஸ், "வெச்சுக்கட்டும் எனிட், ஒரு மாசம் ஆனாலும் வெச்சுக்கட்டும்" என்கிறாள். ஏதாவது சாக்குச் சொல்லி அங்கேயே இரு. பார்த்த இடத்தையே திரும்பக் காட்டு.

பையன்களிடம் மூச்சு விடாதே. முக்கியமாக டெஸ்ஸிடம். பதினாறு வயதில் அவன் அப்படியே அப்பன்தான். எங்காவது புகை தெரிந்தால் அதை நோக்கி ஓடுகிற ஜாதி. உனக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த ஒருமுறை என் பேச்சைக் கேள்.

உன்,
எனிட்


கான்பரா
புதன்கிழமை, 9 ஜனவரி

அன்புள்ள எனிட்,

உன் கடிதம் காலையில் வந்தது. வெள்ளிக்கிழமைப் பயணத்தை ரத்து செய்துவிட்டேன். ரயிலில் இடம் இல்லை என்று பையன்களிடம் சொன்னேன். சின்னவர்கள் துள்ளிக் குதித்தார்கள். போர் நினைவகத்துக்கு மறுபடியும் கூட்டிப் போனேன். அங்கிருந்து, செத்துப்போன அந்தப் பந்தயக் குதிரையின் இதயத்தைக் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்க இரண்டாவது தடவையாகப் போனோம்.

டெஸ் உள்ளே வரவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஸ்கிப், பாத்ததையே பாக்கறோம். பாதி காலி ரயிலு போறத நானே பாத்தேன். ஊர்ல தீயா?"

பேச்சை மாற்றப் பார்த்தேன். அவன் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அது போதும்."

ஆறு வருஷமாக இந்தப் பையன்களுக்குச் சாரணன் வாக்கு சத்தியம் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், எனிட். ஆமாம் என்றேன். சின்னவர்கள் காதில் விழக் கூடாது என்று கை நீட்டினேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு எழுந்து போய் ஸ்பட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, அந்த ஜாடியை ஒரு சுற்று சுற்றிக் காட்டினான்.

நீ கோபப்படுவாய். தனியாகச் சுமக்க என்னால் ஆகவில்லை. பெரிய பையன், விஷயம் புரிந்தவன். அவன் துணைக்கு இருப்பது எனக்கும் தெம்புதான்.

நிலைமை மோசமானால் இணைப்புப் பலகையை விட்டு எழுந்துவிடு. சர்க்கார் வேலைக்காக உட்கார்ந்திருக்காதே.

உன்,
வால்


வாரிங்கா
வியாழக்கிழமை, 10 ஜனவரி

அன்புள்ள வால்,

தபால் வண்டி இன்னும் சற்று நேரத்தில் கிளம்புகிறது. நாளைக்கு வருமா என்று தெரியாதாம். அதனால் சுருக்கமாக.

கோரி இன்று மில்லை மூடிவிட்டார். இப்போது மூடி என்ன? தீ மலையின் மேல் விளிம்புக்கு வந்துவிட்டது. மேடையில் ஏறி நிற்பவன் மாதிரி அங்கேயே நின்று ஊரைப் பார்க்கிறது. காற்று திரும்பவில்லை, அவ்வளவுதான் மிச்சம். க்ளெம்மும் ஆண்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்கள். மில் லாரி முற்றத்தில் நிற்கிறது, ஓட்டத் தெரிந்த ஒருவரும் கீழே இல்லை. மேவிஸ் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். நாலு முழம் நகர்ந்து வேலியில் முட்டி நின்றது. நாங்கள் சிரித்துவிட்டோம்.

பக்கத்து ஊரான கேரோவுக்குப் போகும் தொலைபேசிக் கம்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளியே சேதி சொல்ல இதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் நான் எழ மாட்டேன். நீ திட்டாதே.

உன் பதில் இன்னும் வரவில்லை, ஆனாலும் அங்கேயே தங்கியிருப்பாய் என்று நம்புகிறேன். ஒரே ஓர் ஆறுதல், பையன்களில் ஒருவன்கூட இங்கே இல்லை. இன்று மேவிஸும் அதையேதான் சொன்னாள். கல்யாணமான நாள் முதல் என் பேச்சை நீ கேட்டது இந்த ஒருமுறைதான் என்று அவளிடம் சொன்னேன்.

எனிட்


கான்பரா
வியாழக்கிழமை, 10 ஜனவரி

எனிட்,

டெஸ்ஸைக் காணோம். விடிந்து பார்த்தால் கம்பளி சதுரமாக மடித்து வைத்திருக்கிறது, ஆளில்லை. கம்பளிச் சந்தைக்குப் போகும் லாரியில் ஏறித் தெற்கே போனதாக ரொட்டிக் கடைக்காரர் சொல்கிறார். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் வாங்கினேன். போக மாட்டேன் என்று வாங்கவில்லை.

உன் நிலையத்துக்கு மூன்று முறை போன் பதிவு செய்தேன். இரைச்சல்தான் கேட்கிறது. போலீஸிலும் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை இன்றைய ரயிலில் போகும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கேரோவில் தபால் பையில் சேர்த்துவிடுவார்.

அவன் வந்தால் பிடித்து வை. காதைப் பிடித்து இழுத்து வந்து உன் பக்கத்தில் உட்கார வை. மலைக்கு விடாதே. மேவிஸிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவனைப் பிடித்து மட்டும் வை.

வால்


கான்பரா
சனிக்கிழமை, 12 ஜனவரி

அன்புள்ள எனிட்,

கேரோ மாதா கோவில் கூடத்தில் ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதால் அந்த முகவரிக்கு எழுதுகிறேன். நீ அங்கே இருக்கிறாயா என்று தெரியாது.

வாரிங்கா என்ற பெயரைச் செய்தியில் கேட்டதும் பையன்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஸ்பட் என்னிடம், "உங்களுக்கு முன்னமே தெரியுமா ஸ்கிப்?" என்றான். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவன் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

இங்கேயும் புகை வந்துவிட்டது. நாடாளுமன்றம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் தெரிகிறது.

ஒரு வரி எழுது. உன் கையெழுத்து மட்டும் இருந்தாலும் போதும்.

உன்,
வால்


மாதா கோவில் கூடம்,
கேரோ
திங்கட்கிழமை, 14 ஜனவரி

அன்புள்ள வால்,

இருக்கிறேன். இடது கையில் தீக்காயம். எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை.

படியில் அவன் கேட்டதை எழுதிய கடிதமும், அவனைப் பிடித்து வைக்கச் சொன்ன கடிதமும் இன்றுதான் சேர்ந்து கிடைத்தன. தபால் பை கேரோவை விட்டு நகரவே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை மதியம் காற்று திரும்பிற்று. அந்த நேரத்தில்தான் டெஸ் நிலையத்து வாசலில் வந்து நின்றான். "எவன்டா உன்ன இங்க வரச் சொன்னது?" என்று கத்தினேன்.

"ஸ்கிப் மேல கோவப்படாதீங்க, மிஸஸ் டிரான்டர். நான் கேட்டேன். அவரு பொய் சொல்லல. லாரிச் சாவி எங்க?"

அப்பனிடம் லாரி ஓட்டப் பழகியிருந்த அவன், முதலில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தான். அடுத்த நடையில் கிழவர்கள், மேவிஸ், மிச்சம் இருந்த எல்லாரும். நான் மட்டும் ஏறவில்லை. கம்பி உயிரோடு இருக்கிறதடா, நான் எப்படி எழுந்திருப்பேன் என்றேன். அவன் உள்ளே வந்து, காதிலிருந்த கருவியை மெதுவாகக் கழற்றினான். "அந்தப் பக்கம் யாரும் இல்ல, மிஸஸ் டிரான்டர். நல்லா கேளுங்க." கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கம்பி எப்போதோ செத்திருக்கிறது. செத்த கம்பியில் நான் "வாரிங்கா பேசறேன், வாரிங்கா பேசறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என்னைக் கரையில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினான். "போதும்டா" என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். மேவிஸும் ஓடி வந்து பிடித்தாள். "அப்பா அங்க இருக்காரும்மா" என்றான். மேவிஸ் கையை எடுத்தாள். அவள் எடுத்ததும் நானும் எடுத்தேன்.

க்ளெம்மும் ஆட்களும் மில் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்று தப்பித்துவிட்டார்கள், வால். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எரிந்துபோன லாரியைப் பாலத்துக்கு அப்பால், ஊர்ப்பக்கத் திருப்பத்தில் கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை க்ளெம்தான் போய் அவனைக் கொண்டு வந்தார்.

என் பேச்சைக் கேட்டு நீ வாயை மூடியிருந்தால் அவன் இன்று உன்னோடு கான்பராவில் இருப்பான். நான் அந்தப் பலகையின் முன்னாலேயே இருந்திருப்பேன். லாரியில் வந்த குழந்தைகளும் இந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று நாளாக இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் தொட்டாலும் சுடுகிறது. உன்மேல் கோபமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. கொஞ்ச காலம் என் தங்கை வீட்டில் இருக்கப் போகிறேன். நம் வீடு இப்போது இல்லை, எரிந்துவிட்டது.

மற்றப் பையன்களின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் பிழைத்திருக்கிறார்கள். இதை முதலில் சொல்லிவிடு. டெஸ்ஸைப் பற்றி அதற்கப்புறம், எல்லாரையும் உட்கார வைத்துச் சொல். ஸ்பட் உன் பக்கத்தில் வர மாட்டான், நீ போய் அவன் பக்கத்தில் உட்கார்.

மேவிஸ் அழவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க என்னென்ன பாத்தானாம், எனிட்? சிரிச்சானாமா?" எனக்குத் தெரியாது, வால் வந்து சொல்லுவான் என்றேன்.

பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்ததும் நேரே அவளிடம் போ. நான் துணைக்கு வர மாட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல். படியில் உட்கார்ந்து அவன் கேட்டதையும், நீ பதில் சொன்னதையும் சேர்த்துச் சொல். மறைக்காமல் சொல்ல உனக்கு வரும்.

எனிட்