பறக்கும் லோரியை உன் மனைவிக்கு விளக்கிய கதை

என் சட்டையில் பாப்கார்ன் வாசம் வீசுகிறது. ஏழு கடலில் முக்கி எடுத்தாலும் போகாது போலிருக்கிறது. கொம்தார் பக்கத்துத் திரையரங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். பக்கத்து இருக்கையில் நீ இல்லை. உன் மனைவி இருந்தாள். மகா பிரபுவே, செத்துப் போன பிறகும் என்னை நிம்மதியாக விடமாட்டாயா?

நேற்றுக் காலை ஆயர் ஈத்தாம் பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உன் மனைவியின் குரல் வந்தது.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

அன்பான விசாரிப்பு என்று திரும்பினேன். அடுத்த மூச்சில் குண்டைப் போட்டாள். "கல்யாணம் ஆனதிலேருந்து ஞாயித்துக்கிழம ஆனா என்னை விட்டுட்டு உங்ககூடப் படத்துக்கு ஓடுனாரே, அதுல அப்படி என்னதான் இருந்துச்சு? நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க லா."

"உனக்கு ஒத்து வராதும்மா. ஒரே அடிதடி."

"வெறும் குப்பைக்காகத்தான் என்னை வீட்டுல தனியா உக்கார வச்சாருன்னா, அதையும் தெரிஞ்சிக்கிறேன்."

என் முதுகுத்தண்டில் பினாங்கு மலை ரயில் ஏறி இறங்கியது. உன் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனை மீதும் வழக்கு. குற்றவாளி நீ, தப்பித்துப் போய்விட்டாய். கூண்டில் நிற்பவன் நான்.

அவளிடம் எப்படிச் சொல்வேன்? நீயோ சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு சிமெண்டு லோரி ஓட்டியவன். பாலத்தில் ஓர் ஆமை உன்னை முந்திப் போய், அக்கரையில் முட்டையிட்டு, பேரனுக்குக் கல்யாணமும் முடித்திருக்கும். பச்சை விளக்கைப் பார்த்தாலே, இது எப்போது சிவப்பாகுமோ என்று பிரேக்கில் கால் வைப்பாய். அப்படிப்பட்ட நீ, திரையில் லோரி ஒன்று ஏழு மாடிக் கட்டடத்தைத் தாண்டிப் பறந்தால் இருக்கையை உடைத்துவிடுவாய்! நாயகன் அதன் கூரையில் நின்று தலை வாரிக்கொண்டிருப்பான். எடுத்தவனே சிரிக்க வைக்கத்தான் எடுத்திருப்பான், அரங்கமும் சிரிக்கும். நீ மட்டும் நீதிபதி முகத்தோடு என் காதில் சொல்வாய்: "டயர்ல காத்து நெறைய அடிச்சிருக்கான்டா."

வாரம் முழுக்க நீ பூமிக்குப் பயந்து ஓட்டினாய். ஞாயிறன்று பூமி கொஞ்சம் உனக்குப் பயப்பட வேண்டியிருந்தது. எனக்கு இது புரியும். உன் மனைவிக்கு?

இன்று படம் தொடங்கியதுமே குறுக்கு விசாரணை தொடங்கிவிட்டது.

"ஏண்ணே, இத்தனை பேரு சுத்தி நிக்கிறானுங்க. ஏன் ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்குறானுங்க?"

"நம்பர் எடுத்துட்டு நிக்கிறானுங்கம்மா. போஸ்ட் ஆபீஸ் மாதிரி." நீ எப்போதோ சொன்ன பதில்தான். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"கட்டடமே மேல விழுந்துச்சு. கறுப்புக் கண்ணாடி மட்டும் எப்படி உடையல?"

"தரமான கண்ணாடிம்மா."

"ம்." அந்த ஒற்றை 'ம்'மில் உன் மானம் கடலில் விழுந்து மூழ்கிக்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்த லோரி வந்தது. பாலம் வெடித்து நடுவில் பிளந்துவிட்டது. நாயகன் பல்லைக் காட்டியபடி கியரை மாற்றினான். லோரி கிளம்பியது. மேகத்துக்குள் போனது. ஒரு விமானத்துக்கு வழிவிட்டது. அவள் முன்னால் சாய்ந்தாள். துளிச் சிரிப்பில்லாமல், லோரிக்காரன் பெண்டாட்டியின் முழு அதிகாரத்தோடு சொன்னாள்:

"சரக்க எறக்கிட்டு வர்றான் போலண்ணே. அதான் லேசா தூக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவ்வளவுதான்! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முன்வரிசைப் பையன்கள் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குப்பைதாண்ணே. ஆனா நல்ல குப்பை." மின்படிக்கட்டில் பாதி தூரம் இறங்கியதும் மெல்லச் சொன்னாள்: "ஒரு தடவ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேண்ணே."

அட மடையா! "அவளையும் கூட்டிட்டு வாயேன்டா" என்று நான் சொன்னபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? "அவளுக்குப் பிடிக்காதுடா. அவ சீரியல் ஆளு." கேட்டுப் பார்த்தாயா என்றால், "இதெல்லாம் கேக்கணுமா என்ன?" கேட்டிருக்க வேண்டும், ஐயா. லோரி பறக்கும் என்று நம்பினாய். குண்டு வளைந்து போகும் என்று நம்பினாய். உன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள் என்பது மட்டும் உனக்கு நடக்கவே முடியாத காட்சியாகிவிட்டது.

அடுத்த வாரமும் போக வேண்டுமாம், உத்தரவு ஆகிவிட்டது. போவேன். ஆனால் இன்று அவள் சிரித்தது உன் பக்கத்தில் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு. நான் அதைச் சுமந்துகொண்டு வீடு வரை வந்துவிட்டேன். எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது, சொல்.