அதே இடத்தில் அதே இருமல்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. முனை மடங்காமல் இருக்க நடுவில் கேக் பெட்டி அட்டையை வைத்திருந்தீர்கள். பிரித்ததும் அறை முழுக்க வெனிலா வாசனை. "அவ கேக்கே அனுப்பிட்டாளா?" என்று அம்மா எழுந்து வந்து ஏமாந்து போனாள். இங்கே எந்தக் கடையிலும் இந்தப் படக்கதைப் புத்தகம் வருவதில்லை. நீங்கள் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எதிரொலி செத்துவிட்டான். நீங்கள் எத்தனை பக்கம் எழுதினாலும் நான் மாறமாட்டேன். சுரங்கப்பாதை இடிந்து அவன் தலைமேல் விழுந்ததை நாம் இருவரும் படித்தோம். அதன் பிறகு ஆள் வரவில்லை, குரல் மட்டும் நகரத்துக் குழாய்களில் வந்துகொண்டிருக்கிறது. எந்தச் சத்தத்தையும் விழுங்கித் திருப்பி அடிக்கிறவன் செத்தால் அவன் குரல் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? அதைக் கேட்டு வில்லன் ஊமைக்கோட்டானும் அவன் ஆட்களும் நடுங்குகிறார்கள். அந்தக் கடிகாரக்காரி போக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவனுக்குக் கருவிகள் செய்து கொடுத்தவள், இப்போது பட்டறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒருவரையும் விடுவதில்லை. எதையோ மறைக்கிறாள்.

குரலும் மாறிவிட்டது. பழைய எதிரொலி அடிக்கும்போதுகூடக் கிண்டல் பேசுவான். இப்போது தைரியமாக இருங்கள், கதவை அடைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே புத்திமதி. செத்தவர்கள்தான் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரரும் திருந்திவிட்டார் போலிருக்கிறது. முன்பெல்லாம் அண்ணன் கப்பல் ஏறினால் மாதக்கணக்கில் மூச்சு விடமாட்டான். இப்போது ஞாயிறு தவறாமல் பேசிப் பதிந்து அனுப்புகிறான். அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் அடுப்படியில் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், பாதிதான் காதில் விழும். போன வாரம் ஒரு வேடிக்கை. அவன் இருமுவதற்கு முன்னாலேயே அம்மா "தண்ணியக் குடிடா" என்கிறாள். பெற்ற மனசு எதையெல்லாம் அறிந்து வைத்திருக்கிறது பாருங்கள்.

எனக்கென்று ஒரு வார்த்தை பேசினால் அவன் வாய் தேய்ந்துவிடுமா என்று கேளுங்கள். இந்தப் புத்தகப் பைத்தியத்தை நம் இருவருக்கும் ஒட்டவைத்தவனே அவன்தான். எதிரொலி செத்தானா இல்லையா என்று அவனையும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வாண்டு


பிப்ரவரி 20

அன்பு வாண்டுவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். படித்த கையோடு போய் ஒரு கேக்கில் "பிறந்தால் வாழ்த்துகள்" என்று எழுதி வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "பிறக்கலேன்னா வாழ்த்த மாட்டோமா?" என்று கேட்டார். வழித்தெடுத்துத் திரும்ப எழுதினேன்.

செத்துவிட்டான் என்று இவ்வளவு சுலபமாக எழுதாதே. உடம்பை யார் பார்த்தார்கள்? சுரங்கத்தை முழுக்கத் தோண்டினார்களா? நாலு நாள் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டால் ஆகிவிட்டதா? குரல் வந்துகொண்டிருக்கும்போது செத்தவன் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வருகிறது?

கடிகாரக்காரியைத் திட்டுவதையும் விட்டுவிடு. பேச்சு குறைந்தால் கெட்டவளா? அவனுடைய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள் என்று போன தடவை கேலி செய்திருந்தாய். அவளுக்குக் குளிராக இருக்கும்.

உன் அண்ணன் எப்போதும்போலத்தான். துறைமுகம் வந்தால் எல்லாவற்றையும் மொத்தமாக எனக்கு அனுப்புவார். அத்தைக்கானதை நான் பிரித்து வாராவாரம் அனுப்புகிறேன். உன்னைப் பற்றியும் கேட்டிருந்தார். என்ன கேட்டார் என்று பிறகு எழுதுகிறேன்.

அத்தை இருமலுக்கு முன்னாலேயே சொன்னார்களா? நிஜமாகவா?

அன்புடன்
அண்ணி

கோபமாக எழுதியதுபோல் இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. கை வலி.


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னித்துவிடுங்கள். ஒரு படக்கதைக்காரனுக்காக உங்களிடம் இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. பரணிலிருந்து அண்ணனின் பெட்டிகளை இறக்கினேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அண்ணி, அந்தக் குரல் பேசும் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு பழைய இதழில் இருக்கிறது. கதவை அடைத்துக்கொள்ளுங்கள் என்றது வெள்ளம் வந்த கதையில். தைரியமாக இருங்கள் என்றது பள்ளிக்கூடம் தீப்பிடித்தபோது. ஒரு வரிகூடப் புதிதில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதில் வருவதே இல்லை, கவனித்தீர்களா?

இன்று எங்கள் காது பரிசோதனை அறையில் ஒரு பெரியவர். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கய்யா" என்றேன். நான் இன்னும் பொத்தானைத் தொடவே இல்லை, அவர் தூக்கிக்கொண்டே இருக்கிறார். சிலர் இப்படித்தான். கேட்க வேண்டும் என்று ரொம்பவும் ஆசைப்பட்டு உட்கார்ந்திருந்தால் கேட்டுவிடுகிறது. எதிரொலியை நினைத்துக்கொண்டேன். உங்களையும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முக்கியமான சேதி. அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அண்ணனை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். பெரிய பேச்சு வேண்டாம். "கண்ணு சரியாயிடும்மா" என்றால் போதும். கண் என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் அவள் தானாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துவிடுவாள்.

உங்கள் வாண்டு


மார்ச் 22

அன்பு வாண்டுவுக்கு,

அத்தையை நினைத்து மனம் என்னவோபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அனுப்பியதைக் கேட்டிருப்பீர்கள். "பயப்படாதேம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று இருக்கிறதல்லவா? கண் என்று தனியாகச் சொல்லவில்லைதான். அவசரத்தில் பேசியிருப்பார். இப்போது கப்பல் போகும் வழியில் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் திரும்பக் கேட்கவும் முடியவில்லை.

இந்த மாதப் புத்தகம் இன்னும் வரவில்லை. கடைக்காரர் தாமதம் என்கிறார். வந்தால் அனுப்புகிறேன். நீ அதற்காக அலையாதே.

அந்தக் குரல் பதில் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லாவிட்டால்தான் என்ன? அதையும் நிறுத்திவிட்டால் அவள் அந்தப் பட்டறையில் யாரோடு இருப்பாள்?

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

அம்மாவை ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைகளுக்காக டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் இருந்த கடையில் நம் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "அது வந்து ரொம்ப நாளாச்சேம்மா, கடைசி ஒண்ணுதான் இருக்கு" என்றார். வாங்கி, பஸ்ஸிலேயே படித்துவிட்டேன்.

ஊமைக்கோட்டான் பட்டறைத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறான். சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரொலியின் குரல். அவன் உயிரோடு இருந்தபோது பேசியதையெல்லாம் அவள் பிடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்துக் குழாயின் வாயில் வைக்கிறாள். இத்தனை மாதமாகக் குழாயில் பேசியது அவன் இல்லை. கடைசிப் படத்தில் சாவியும் அவள் விரல்களும் மட்டும்தான் இருக்கின்றன.

நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று குதித்துக் குதித்து எழுத வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். அப்புறம்தான் புத்தகம் வரவில்லை என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்று யோசித்தேன்.

அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாயா என்று போன மாதம் கேட்டானே, அதை இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறான். அதே இடத்தில் அதே இருமல். பின்னால் அதே ஆள், "டீ ஆறுது, வாய்யா" என்று கூப்பிடுகிறான். பயப்படாதேம்மா என்றது புயல் அடித்த வருடம். அதற்கு முன்னால் "புயல் தாண்டிடுச்சு" என்று ஒரு வார்த்தை இருந்தது. இப்போது அது இல்லை.

அண்ணி, அண்ணன் எங்கே?

வாண்டு


ஏப்ரல் 8

வாண்டு,

அவர் இல்லை.

கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டார் என்று கம்பெனியில் சொன்னார்கள். நாலு நாள் தேடினோம், கிடைக்கவில்லை என்றார்கள். நீ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாயே, அந்த வாரம். அன்றைக்கு உனக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வீங்கின வாயோடு நீ பல் டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும்விட்டேன் வாண்டு. சிரித்த வாயால் அதைச் சொல்ல வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை, "பையன் ஏதும் பேசலியா?" என்று கேட்டார்கள். கையில் இருந்த பழையது ஒன்றை அனுப்பினேன். அத்தைக்காகச் செய்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். எனக்காகத்தான் செய்தேன். நான் அனுப்பியதும் உங்கள் வீட்டில் அவர் பேசுவார், அத்தை பதில் சொல்வார்கள், நீ அடுப்படியிலிருந்து ஏதாவது கத்துவாய். அந்த ஒரு வீட்டிலாவது அவர் இருந்துகொண்டிருந்தார். இங்கே நான் அவற்றைக் கேட்பதில்லை. கேட்க முடியவில்லை. அனுப்ப மட்டும்தான் முடிந்தது.

உன்னைப் பற்றி அவர் கேட்டதைப் பிறகு எழுதுகிறேன் என்றேன். அது உண்மை. கடைசியாக வந்ததில் இருக்கிறது. "வாண்டு இன்னும் எதிரொலி படிக்கிறாளா? கதையை முன்னாடியே சொல்லிடாதே, கடிச்சுடுவா" என்கிறார்.

இனி அனுப்பமாட்டேன். அத்தை கண் கட்டை அவிழ்த்ததும் வந்து நானே சொல்கிறேன். சொன்ன பிறகு அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. இல்லை என்றாலும் நியாயம்தான்.

மறைத்து வைத்த புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இருக்கிறது. இரண்டு நாள் பரிசோதனை அறைக்குள் நின்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அங்கே கத்தினால் வெளியே கேட்காது. அழுததும் அங்கேதான். வெளியே வந்து, அடுத்தவரைக் கூப்பிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணில் கட்டோடு, வழக்கம்போல ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீங்கள் அனுப்பவில்லை. சாப்பாடு முடிந்தது, தட்டு கழுவியாகிவிட்டது, அவள் அசையவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கேட்டபோது என் ஃபோனுக்கு மாற்றி வைத்திருந்த பழையது ஒன்றை அடுப்படியிலிருந்து அவளுக்கு அனுப்பினேன். நேற்றுவரை உங்களைத் திட்டிய நான்தான்.

அவன் பேசினான். இருமினான். அம்மா தண்ணியக் குடிடா என்று சொல்லவில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"இது நீ போட்டதுதானே? அவ அனுப்பினா நான் கை கழுவும்போதே வந்துடும். ஏன், அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

"உனக்கு எப்பலேருந்தும்மா தெரியும்?" என்றேன்.

"வாராவாரம் பேச ஆரம்பிச்சான் பாரு, அப்பவே. என் புள்ளை அவ்வளவு ஒழுங்கு கிடையாதுடி."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருந்தே?"

"நான் கேக்கலேன்னா அவ யாருக்கு அனுப்புவா?"

கட்டுக்கு அடியில் கண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழவில்லை. அவளும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவா" என்றாள். சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்தது போதும்.

உங்களுக்கு இங்கே இடம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தலையணைக்கு அம்மா உறை மாற்றச் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நாளைக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எதுவும் அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். ஃபோனைக் கொண்டு வாருங்கள். அம்மாவுக்கு ஆகாது என்று வெட்டி வைத்த துண்டுகள், உங்களைத் திட்டினது, என்னைக் கேட்டது, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒருமுறை முழுதாகக் கேட்போம்.

இருமல் வரும் இடத்தில் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் இருமட்டும்.

உங்கள் வாண்டு