தேயிலைத் தண்ணீர் பூசிய கதவு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா?

இங்கே ஒரு பழைய தெருவைப் பழமை மாறாமல் புதுப்பிக்கிறார்கள். புதுக் கதவுகளைச் சங்கிலியால் அடித்து, தேயிலைத் தண்ணீர் பூசிப் பழசாகக் காட்டுவது என் வேலை. போன வாரம் நான் தங்கியிருந்த தையல்கார அக்காவின் வீட்டிலும் என் கதவைத்தான் மாட்டினார்கள். அங்கிருந்த நிஜமான பழைய கதவை உடைத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வீடு இனி விடுதியாம். அக்காவைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்.

"அசல் பழசு மாதிரியே இருக்கே" என்று மேஸ்திரி என்னைப் பாராட்டினார்.

"எங்களையும் அந்தத் தண்ணில முக்கி எடுடி. அப்பவாவது இருக்க விடுறாங்களான்னு பார்ப்போம்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறேன். கவலைப்படாதே, காற்று நன்றாக வருகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்பு. கடிதம் போடும்போது, சாப்பிட்டாயா என்று ஒரு வரி எழுது. அக்கா தினமும் கேட்பாள். இங்கே கேட்க ஆளில்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார். அடுத்த வீட்டுக்கான கதவு வந்துவிட்டது.

உன் மகள்