புது வெள்ளை சாக்ஸ்

பிப்ரவரி 17

ஆரஞ்சு பூக்கத் தொடங்கிவிட்டது. கல்லூரியின் தேனீப் பெட்டிகளை இன்று கால்வாய்க்கு அப்பாலுள்ள தோப்பில் இறக்கினோம். வண்டிக் கதவைத் திறந்ததுமே அந்த வாசனை! எனக்கு மறுபடி ஐந்து வயதாகிவிட்டது. அம்மா ஏணியில் நின்று பழம் பறிக்கிறாள், நான் கீழே சாக்கில் படுத்திருக்கிறேன். முள் கிழிக்காமலிருக்க, பழைய சாக்ஸில் பாதத்தை வெட்டிவிட்டு முழங்கைவரை மாட்டியிருப்பாள். "உனக்குக் கால் கையிலயா இருக்கு?" என்று கேட்டு நானே சிரிப்பேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அப்போது.

நர்சிங்கை விட்டு விவசாயப் படிப்புக்கு மாறி ஒரு மாதமாகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கென்று புது வெள்ளை சாக்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 24

பேராசிரியை ட்ரெவீனோ இன்று சொன்னார்: "எல்லை தாண்டி வந்து டெக்சஸ்ல பழம் பறிச்சதெல்லாம் உங்க அம்மா அப்பாதான். ஆனா தோப்புக்கு அதிகாரி, ஆய்வாளர்னு பாத்தா நம்ம ஆளு எங்க? அதுக்குத்தான் இந்தத் தேனீப் பயிற்சி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி நெரெய்டா முணுமுணுத்தாள்: "இத எங்க வீட்ல வந்து சொல்லச் சொல்லு."

மார்ச் 5

மாட்டிக்கொண்டேன். கல்லூரிக் கையுறை எனக்குப் பெரிது. மணிக்கட்டு வழியாகத் தேனீக்கள் உள்ளே போய்க் கொட்டித் தள்ளிவிட்டன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு டார்ட்டியா ரொட்டி தட்ட முடியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"எந்த நோயாளிடி கொட்டினான்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ ஏறக்கூடாதுன்னுதானே நான் அந்த ஏணில ஏறினேன்?"

"நான் பழம் பறிக்கப் போகலம்மா. படிச்சிட்டு வேற வேலைக்கு..."

"எந்த வேலைன்னாலும் வெயில் ஒண்ணுதான."

ஒண்ணுதான்.

மார்ச் 6

அம்மா பீன்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான். நாளைக்கே நர்சிங்குக்குத் திரும்பிவிடலாமா?

மார்ச் 12

பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"எந்தத் தோப்பு?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம்."

"பூத்திருச்சா?"

"ம்."

அம்மா குழாயை மூடினாள்.

"சின்ன வயசுல தோப்புல தேனீ சத்தம் கேட்டாத்தான் நீ தூங்குவ. காத்தடிச்சு சத்தம் நின்னா முழிச்சு அழுவ."

இது எனக்கே தெரியாது. குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 17

காலையில் தோப்பில் பையைத் திறந்தேன். என் கையுறைக்குள் என்னவோ சுருட்டி வைத்திருந்தது. அலமாரியில் இருந்த அந்த வெள்ளை சாக்ஸ். பாதத்தை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாள்.

முழங்கைவரை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். மணிக்கட்டில் ஒரு கொட்டுகூட இல்லை. நெரெய்டா தனக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அவ கை அளவு எடுத்துட்டு வா," என்றாள்.