மலைப்பாதையில் நின்ற வண்டி

ஈலி, நெவாடா
மார்ச் 9

அன்புள்ள கார்வினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். பாஸ்டனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய், அதனால்தான் கடிதம்.

பனி இன்னும் விட்டபாடில்லை. குதிரைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பால்காரர், தபால்காரர் என்று யாரும் வாசல்வரை வராத ஊர் இது. வாரம் ஒருமுறை தீவனம் வாங்க டவுனுக்குப் போனால்தான் மனித முகத்தைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் அந்தப் புது பிக்கப் வண்டியை வாங்கினேன்.

அது ஓடும்போதே திடீர் திடீரென்று அணைந்து போனது உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பட்டறையில் நாள்கணக்கில் வைத்திருந்து, "ஒரு கோளாறும் இல்லியே மேடம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் பட்டறை மேனேஜர், "நீங்கதான் தெரியாம கியரைத் தட்டியிருப்பீங்க" என்றான். உனக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். அன்று ராத்திரியே நீ கூப்பிட்டு, "வண்டி ஓட்டினது போதும்மா, சாவிய வச்சிடு. இங்க ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன்" என்றாய்.

அதற்குப் பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதோ பிரேக், இதோ கியர் என்று காலி இருக்கையிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஆனாலும் விடவில்லை. பழுதான வண்டியைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கிற லெமன் சட்டத்தில், ஒகம்போ என்ற வக்கீலம்மா மூலம் வழக்குப் போட்டேன். சோதித்துப் பார்க்கக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. பீட்டர்மன் என்று பெயர். "நீங்க உக்காருங்க, நானே ஓட்டிப் பாக்கறேன்" என்றார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மலைப்பாதை ஏற்றத்தில் வண்டி செத்துப்போனது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசுவதுபோல் கடந்தது. எப்படியோ ஓரம்கட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை நிற்கவில்லை. "இதையா இத்தனை நாளா தனியா ஓட்டிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி, கார்வின்.

இழுத்துப்போகும் வண்டிக்காக வெகுநேரம் காத்திருந்தோம். என் முட்டை சாண்ட்விச்சில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்தோம். அந்த வண்டி இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

பழுது வண்டியில்தான் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. நேற்று வந்து பிக்கப்பை எடுத்துப் போனார்கள். அடுத்த வாரம் வேறொரு வண்டி பார்க்கப் போகிறேன்.

அந்த இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. ஏப்ரலில் நான்கு நாள் லீவு போட்டு வா. சால்ட் லேக் விமான நிலையத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். தூரம்தான், வழியில் நீ தூங்கினாலும் பரவாயில்லை. என் பக்கத்தில் பயமில்லாமல் தூங்கினால் போதும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அம்மா,
வில்மா டன்லப்