லிண்ட்பாக்கா சதுக்கத்தின் வரலாறு

லிண்ட்பாக்கா, 3 அக்டோபர் 1984

அன்புள்ள அப்பா,

பள்ளிக்காக நம் சதுக்கத்தின் வரலாற்றை எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல், உண்மையை மட்டுமே பதிவு செய்யப் போகிறேன்.

1955 வரை இங்கே உருளைக்கிழங்கு வயல். சுரங்க ரயில் வந்ததும் அதன் வாசலில் இருபத்திரண்டு கடைகளும் ஒரு நீரூற்றும் வந்தன. திறப்பு நாளில் மழை. பேண்டு வாத்தியக்காரர்கள் மீன்கடைக்குள் நின்று வாசித்தார்கள். போன வருடம் நெடுஞ்சாலையோரம் பெரிய வணிக வளாகம் திறந்தது. நீங்கள் நீரூற்றின் மேல் ஏறி, “அங்க காலடி வைக்கிறவன் நம்ம ஆளே இல்ல!” என்று பேசியதையும் சேர்த்திருக்கிறேன். முதலில் மீன்கடை மூடியது. வசந்தத்தில் நம் செருப்புக்கடையும் மூடி, நீங்கள் கிடங்கு வேலைக்காக அத்தை ஊரான யேவ்லேக்குப் போனீர்கள். இப்போது மிச்சம் ஒன்பது கடைகள்.

ரொட்டிக்கடை யோர்டிஸ் அக்கா விசாரித்தார்: “ஏலக்காய் பன் இல்லாம உங்கப்பா யேவ்லேல எப்படித்தான் இருக்காரோ!”

25ஆம் தேதி மாலை ஆறரைக்குப் பெற்றோர் முன் வாசிக்கிறேன். அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை. நீங்கள் வருவீர்களா?

உங்கள் மகள்,
இல்வா

யேவ்லே, 11 அக்டோபர்

செல்ல இல்வா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீரூற்று விஷயம் அவசியமா, கண்ணு?

வேண்டுமானால் இதை எழுது: கடைசி மாதத்தில் ஒரு நாள் முழுக்க நான் விற்றது ஒரு ஜோடி ஷூ நாடா. வாங்கியவர், நீளம் போதவில்லை என்று அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

25ஆம் தேதி வர முடியாது. கிடங்கில் விடுப்பு கிடைக்காது. அத்தை வீட்டில் கடல் காற்று பலமாக அடிக்கிறது. நீ குல்லா போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா

லிண்ட்பாக்கா, 20 அக்டோபர்

அன்புள்ள அப்பா,

வரலாறு எழுதுபவள் எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும் என்று நேற்று அந்த வளாகத்துக்குப் போனேன். காலணிப் பிரிவில் வரிசைச் சீட்டு எடுத்தேன்.

“அறுபத்தி நாலு! யாரு அறுபத்தி நாலு?”

உங்கள் குரல். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“உன் நம்பர்தானே பாப்பா, போயேன்,” என்றார் பக்கத்தில் குடையோடு நின்ற அம்மாள்.

“நீங்க போங்க,” என்று சீட்டை அவரிடம் கொடுத்தேன்.

நீங்கள் மண்டியிட்டு அவர் பாதத்தை அளந்தீர்கள். “வலது காலுக்குத்தான் வயசாயிருக்கு, இடது இன்னும் காலேஜ் போகுது!” நம் கடையில் சொல்வீர்களே, அதே வேடிக்கை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நீங்கள் இங்கிருந்து எழுதும் கடிதங்களை யேவ்லேயில் தபாலில் சேர்ப்பது அத்தைதான் என்று இப்போது புரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

இதை அந்த வளாகத்துக் காலணிப் பிரிவு முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கிருந்து பள்ளிக்குப் பேருந்தில் இருபது நிமிடம்தான். வாருங்கள், அப்பா.

இல்வா

லிண்ட்பாக்கா, 26 அக்டோபர்

அன்புள்ள அப்பா,

நேற்று வாசித்தேன். உங்கள் புது வேலையைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். உண்மை எழுதுபவள் அப்படிச் செய்யக்கூடாதுதான்.

முடிந்ததும் யோர்டிஸ் அக்கா என்னை ஓரமாக இழுத்தார். “உங்கப்பா அங்க வேலை பாக்கறது எல்லாருக்கும் எப்பவோ தெரியும்டி. இந்த பூட்ஸே அங்க வாங்கினதுதான். அவருக்கு லீவு நாளாப் பாத்துப் போனேன்.”

“அவர்ட்ட சொல்லியிருக்கலாமே?”

“மனுஷன் கூச்சப்படுவாரேடி!”

யாருக்கும் உங்கள்மேல் கோபமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேறு யாரும் உட்காராமல் இருக்க, உங்கள் நாற்காலியில் என் கோட்டைப் போட்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு ஏழரைப் பேருந்து வந்தது; அப்புறம் எட்டு மணிப் பேருந்து. இரண்டிலிருந்தும் யார் யாரோ இறங்கினார்கள். பள்ளிக் காவலாளி என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு வகுப்பறை, நடைக்கூடம், வாசல் என்று ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்தார்.

இல்வா